அரை அங்குல வேலி

வேலியே பயிரை மேய்ந்த கதை எல்லாருக்கும் தெரியும். வேலி கட்டினவனையே வேலி குத்தின கதை ஒன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள். மந்தாரக்குப்பம் கண்ணையனுடைய கதை அது. அவரை வேலி இரண்டு தடவை குத்தியது. முதல் தடவை குத்தினது நெஞ்சு உயர வேலி. இரண்டாம் தடவை குத்தினது அரை அங்குலம்.

கண்ணையனுக்கு அறுபத்திரண்டு வயது. மந்தாரக்குப்பத்தில் சந்துக்குள் சந்தாகப் போனால் ஒரு வாடகை வீடு. அதில் அவர், மனைவி மாணிக்கம்மாள், மகன் கலைச்செல்வன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை அள்ளிப் போடுகிற வேலையில் இருபத்தேழு வருஷம் இருந்தார். அதற்குள் ஆறு காண்ட்ராக்டர்கள் மாறிவிட்டார்கள். கண்ணையன் காண்ட்ராக்டாகவே உள்ளே போய் காண்ட்ராக்டாகவே வெளியே வந்தார்.

அதற்கு முன்னால், ஒதியங்குப்பம் என்று ஒரு ஊர் இருந்த காலத்தில், அவர் வேலி கட்டுகிறவர். கிளுவை மரத்துக் கிளையைப் போத்தாக வெட்டி நட்டு, பனைமட்டையைக் குறுக்கே வைத்து, வேலமுள்ளை அடுக்கி, நாரால் இறுக்க வேண்டும். தண்டவாளத்து ஓரம் நெடுக ரயில் கற்றாழை கிடக்கும். அதை வெட்டி ஊறப்போட்டு அடித்தால் வருகிற நார் லேசில் அறாது. வேலி கட்ட இரண்டு ஆள் வேண்டும், உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். வெளியே நிற்கிறவர் நாரை முள்ளுக்குள் நுழைத்துக் கொடுப்பார். உள்ளே இருக்கிறவர் வாங்கி இழுத்து முடிச்சுப் போடுவார். முடிச்சு எப்போதும் உள்பக்கம்தான் விழ வேண்டும். வெளிப்பக்கம் விழுந்தால் போகிறவன் வருகிறவன் அவிழ்த்துவிட மாட்டானா? இதெல்லாம் வேலி கட்டுகிறவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊரில் ஒரு காணி நிலம்கூட இல்லாத நாற்பது குடும்பங்கள் அடுத்தவன் நிலத்துக்கு வேலி கட்டியே பிழைத்தன, அவ்வளவுதான் சங்கதி.

ஊர் சுரங்கத்துக்குப் போனது தொண்ணூற்று நாலில். நிலம் கொடுத்த வகையில் முந்திரித் தோப்புக்காரர் தனகோடியின் மகன் ராஜேந்திரனுக்கு பெர்மனென்ட் வேலை கிடைத்தது. கண்ணையனிடம் கொடுக்க என்ன இருந்தது? இரண்டு கை இருந்தது. அதை ஒரு காண்ட்ராக்டர் வாங்கிக்கொண்டார்.

அந்த ராஜேந்திரனும் ஓய்வுபெற்று எட்டு வருஷமாகிவிட்டது. மருமகள் சரிதாவுக்கு பெர்மனென்ட் வேலை; அவள் பெயரில் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். மனைவி கனகத்தோடு அங்கேதான் இருக்கிறார். மகன் அருண்குமார் லேபர் காண்ட்ராக்டர். கலைச்செல்வனுக்கு கேட் பாஸ் வாங்கிக் கொடுத்து வேலைக்கு வைத்திருப்பது அந்த அருண்குமார்தான். பார்த்தீர்களா, ஊரே மண்ணுக்குள் போனாலும் யார் வேலி, யார் கை என்பது மட்டும் மாறவில்லை.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் ஷிப்டு முடிந்து வந்த கலைச்செல்வன் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"யப்பா, எங்க காண்ட்ராக்டரோட அப்பா உன்னக் கூப்புடுறாரு. நீ வேலி கட்டுவியாமே. அதுக்குத்தான்."

"டவுன்ஷிப்புல எதுக்குடா வேலி? காம்பவுண்டு சொவரு இருக்குதே."

"அந்த வேலி இல்லப்பா. பொம்ம ரயிலுக்கு."

மாணிக்கம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பொம்ம ரயிலுக்கா? வேணாய்யா. வேலியில போற ஓணானப் புடிச்சி வேட்டிக்குள்ள உட்டுக்காத. அந்த வூட்டு வேலி நமக்குப் போதும்."

"தை மாசம் புது காண்ட்ராக்ட்டு லிஸ்ட்டு போடுறாங்கம்மா," என்றான் கலைச்செல்வன். மறுநாள் கண்ணையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

குவார்ட்டர்ஸ் பின்பக்கத்து அறை முழுக்க ஒரே மேசை. பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி அகலம். அதன் மேல் தண்டவாளம், சிக்னல், ஒரு சின்ன ஸ்டேஷன். கரி எஞ்சின் ஒன்று நாலு பெட்டியை இழுத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடியது. கண்ணையன் முதலில் ரயிலைத்தான் பார்த்தார். அப்புறம் தண்டவாளத்துக்குத் தெற்கே பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கிணறு, களம், ரெண்டு பலா, முந்திரித் தோப்பு, தோப்புக்குக் கிழக்கே ஓடை. ஒதியங்குப்பம்!

"தெரியுதா கண்ணையா?" என்றார் ராஜேந்திரன். முகமெல்லாம் சிரிப்பு. "மூணு வருஷ உழைப்பு. கண்ணை மூடினா எனக்கு நம்ம ஊரு அப்படியே வருது. எப்பேர்ப்பட்ட ஊரு!"

"தெரியுது சார்."

"உங்க தெருவையும் வச்சிருக்கேன் பாரு."

வைத்திருந்தார். ஓடைக்குப் பக்கத்தில் ஆறு குடிசை.

"நாப்பது வூடு சார்."

"எடம் பத்தல கண்ணையா. தோப்பு வேற வந்துருச்சு."

தோப்புக்கு அன்றைக்கும் இடம் பற்றியது, இன்றைக்கும் பற்றியிருக்கிறது. கண்ணையன் மனசுக்குள் நினைத்துக்கொண்டார்.

தோப்பைச் சுற்றி ராஜேந்திரன் ஒரு வேலி வைத்திருந்தார். நெட்டில் ஆர்டர் போட்டு வாங்கிய பிளாஸ்டிக் வேலி. வெள்ளை வெளேரென்று வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. கண்ணையனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னா சார் இது? இதுல ஆட்டுக்குட்டி கூட தாண்டிக் குதிச்சிடும்."

"அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன்! எல்லாம் அச்சு அசலா வந்துருச்சு, வேலி மட்டும் எனக்கு வரல. ஒரு ஆள் உயரம் முக்கால் அங்குலம். வேலி அரை அங்குலம். நிஜம் மாதிரி இருக்கணும்."

அதற்கப்புறம் ஒன்றரை மாதம் கண்ணையன் தினமும் காலையில் போனார். சும்மா சொல்லக்கூடாது, கை வேலையில் மனுஷன் கெட்டிக்காரர். தென்னந்துடைப்பத்து ஈர்க்குச்சியைப் பிளந்து கம்பமாக்கினார். கிளுவைப் போத்துக்குத் துளசிக் காம்பு. முள்ளுக்குப் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் தணலில் காட்டிக் கறுக்க வைத்துப் பிய்த்துப் போட்டார். எங்கிருந்தோ ரயில் கற்றாழை மடல் ஒன்றை வெட்டி வந்து, நாரை எடுத்து, அதையும் நகத்தால் நாலாகக் கிழித்து, ஊசிமுனையில் முடிச்சுப் போட்டார். புதுசு மாதிரி தெரிகிறதே என்று ராஜேந்திரன் கவலைப்பட்டபோது டீத்தண்ணியைத் தடவி, கரித்தூளை வேட்டித் துணியில் சலித்து மேலே ஊதினார். பத்து வருஷ மழை வெயில் ஒரு நிமிஷத்தில் ஏறிவிட்டது.

"ஏன் கோணலா நடுற?" என்று கேட்டார் ராஜேந்திரன்.

"நேரா நிக்கிற வேலி பொய் வேலி சார். எருமை முதுகு தேய்ச்சிருக்கும், கரையான் அடிய அரிச்சிருக்கும். இந்த மூலையில ஆடு பூந்து பூந்து நாலு தடவ ஒட்டுப் போட்டிருக்கோம். ஒட்டுப் போட்ட எடம் கறுப்பு மாறித் தெரியணும்."

ராஜேந்திரன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "அடேயப்பா! ஒண்ணும் மறக்கல நீ."

மறந்தால்தானே! தோப்பின் கிழக்குப் பக்கம் வந்தபோது கண்ணையன் ஓர் இடத்தில் கட்டாமல் நிறுத்திவிட்டு, அரை விரல் தள்ளி மறுபடி ஆரம்பித்தார். இடைவெளியில் கவட்டைபோல் ஒரு சின்னக் குச்சியை நட்டார். அதற்குக் கடவு என்று பெயர். ஆள் கால் தூக்கி நுழையலாம், மாடு நுழையாது. ராஜேந்திரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இங்க என்ன ஓட்டை?"

"கடவு சார். எங்க தெருவுலேருந்து தோப்பக் கடந்து இடுகாட்டுக்குப் போற வழி. பொணம் இப்படித்தான் போவும்."

"இங்க வழியே கிடையாதே."

"இருந்துது சார். எங்க தாத்தன் காலத்துலேருந்து இருந்துது."

"நீ எதையோ நெனச்சிக்கிட்டுச் சொல்ற. எங்கப்பா யாரு வழியையும் அடைச்சவரு இல்ல. வழி இருந்திருந்தா விட்டிருப்பாரு. இரு, போட்டோ காட்டுறேன்."

உள்ளே போய் ஒரு பழைய ஆல்பத்தை எடுத்து வந்தார். புது ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு மீசையோடு நிற்கிற இளவட்ட ராஜேந்திரன். அவர் பின்னால் கிழக்கு வேலி. ஒரு இடைவெளி இல்லாமல், கண்ணுக்கு லட்சணமாக, இறுக்கிக் கட்டின வேலி. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இந்த வேலிக்கு போட்டோ சாட்சி.

"இது அடைச்சதுக்கு அப்புறம் வந்த தைப்பொங்கலுக்கு எடுத்தது சார். எண்பத்தஞ்சு பொரட்டாசியிலதான் அடைச்சது."

"யாரு அடைச்சது?"

கண்ணையன் கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார். "நாந்தான் சார். உங்கப்பா சொல்லி."

ராஜேந்திரன் சிரித்தார். "அப்ப உனக்கே கொழப்பம். நீயே கட்டினன்னு சொல்ற, நீயே ஓட்டைங்கற. போட்டோவுல இருக்கிற மாதிரி கட்டிடு கண்ணையா. காணும் பொங்கலுக்கு நாலு பேரு பாக்க வர்றாங்க. நிஜம் மாதிரி இருக்கணும்."

காபி கொண்டுவந்த கனகம் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணையன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் எண்பத்தைந்து ஆவணியில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, 'ஆமாங்க, வழி இருந்துது' என்று அந்த வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும். கண்ணையன் முப்பத்தொன்பது வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தது அதற்குத்தான். கனகம் காபியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எண்பத்தைந்து புரட்டாசியில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அப்போது கண்ணையனுக்கு இருபத்துமூன்று வயது. யாரும் 'அவர்' போட்டுப் பேசாத காலம், நானும் அவன் என்றே சொல்கிறேன். தனகோடி தோப்பில் புதுசாகக் கன்று வைத்தார். கிழக்கு வேலியைப் பிரித்துப் புதுசாகக் கட்டச் சொன்னார், கடவையும் சேர்த்து அடைக்கச் சொன்னார். வேலி கட்டப் போனது கண்ணையனும் அவனைப் பெற்றவள் மாரியம்மாளும். அவன் உள்ளே, அவள் வெளியே. கடவு இருந்த இடம் வந்ததும் மாரியம்மாள் நாரைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இன்னாடா, இதையுமா அடைக்கிற? இத உட்டுட்டுக் கட்டுடா."

"அவரு அடைக்கச் சொல்றாரு. நீ நார குடு."

"நாளைக்கி என்ன எப்படிடா தூக்கிக்கினு போவ?"

கண்ணையன் சிரித்தான். இளவட்டத் திமிர். நல்லா இறுக்கிக் கட்டுகிறான் பார் என்று தனகோடி காலையில்தான் நாலு பேர் எதிரில் சொல்லியிருந்தார். அந்தப் பெருமை வேறு. "உன்ன பறக்க வச்சிக் கூட்டிக்கினு போறேன். குடு, பொழுது போவுது," என்றான். அவள் நாரை நுழைத்துக் கொடுத்தாள். அவன் காலால் உதைத்துக்கொண்டு இழுத்து, உள்பக்கம் முடிச்சுப் போட்டான். மூன்று முடிச்சு, ஒன்றின் மேல் ஒன்றாக.

நாற்பதாம் நாள் மாரியம்மாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஐப்பசி அடைமழை. ஓடை நிரம்பி ஓடியது. நாலு பேர் பாடையைத் தூக்க, கொள்ளிச் சட்டியோடு கண்ணையன் முன்னால் நடந்தான். பழக்கம் பாருங்கள், கால் தானாகவே பழைய வழிக்குத்தான் போயிற்று. வேலிக்கு முன்னால் வந்துதான் எல்லாரும் நின்றார்கள். கண்ணையன் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, முள்ளுக்குள் கையை விட்டு முடிச்சைத் தேடினான். விரல் நுனியில் படுகிறது, பிடிபடவில்லை. இன்னும் உள்ளே விட்டான். முழங்கைவரைக்கும் கிழிந்து ரத்தம் கொட்டியது. அவன் போட்ட முடிச்சு அவன் கைக்கே எட்டவில்லை.

கத்தி இல்லையா, வெட்டித் தள்ளியிருக்கலாமே என்பீர்கள். சொல்வது சுலபம். வேலிக்கு உள்ளே தனகோடி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஒரு வெட்டு விழுந்தால் நாற்பது வீட்டுக்கும் அந்த வருஷத்து அறுப்பு வேலை போயிற்று. "வேணாம்டா, வம்பு வேணாம்" என்று பெரியவர்கள் கண்ணையனைப் பிடித்து இழுத்தார்கள். தனகோடி கோபப்படக்கூட இல்லை. "ஓடை வழியா போங்கப்பா. தண்ணி ஒண்ணும் ஆழமில்ல," என்றார். தண்ணீர் மார்பு மட்டம் இருந்தது. பாடையைத் தலைக்கு மேலே தூக்கியும் நனைந்துவிட்டது. கொள்ளி அணைந்துவிட்டது. பெற்றவளை ஈரத்தோடு மண்ணில் போட்டுவிட்டு வந்தான்.

இப்போதும் அவர் வலது கையில் முழங்கைவரைக்கும் கோடு கோடாக இருக்கும். பெல்ட்டில் அடிபட்டதா என்று சுரங்கத்தில் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவார்.

சரி, மேசைக்கு வருவோம். கடவு விட்ட வேலி ஒரு வாரம் அப்படியே நின்றது. கண்ணையன் மற்ற வேலைகளைச் செய்துகொண்டு அந்த இடத்தைத் தொடாமலேயே இருந்தார். ஒரு நாள் அருண்குமார் அறைக்குள் வந்தான். மரியாதையான பிள்ளை, குறை சொல்ல முடியாது.

"என்ன கண்ணையா, கிழக்குப் பக்கம் முடியலன்னு அப்பா வருத்தப்படுறாரு. லிஸ்ட்டு வேற ரெடி பண்ணிக்கிட்டு இருக்கேன், பாதிப் பேரைக் கொறைக்கணும். கலை பேரு இருக்குது. பாத்துக்கலாம்." தோளைத் தட்டிவிட்டுப் போனான். மிரட்டலா அது? சத்தியமாக இல்லை. மிரட்ட வேண்டிய அவசியமே இல்லாதவன் எதற்கு மிரட்டப் போகிறான்?

அன்று சாயங்காலம் மாணிக்கம்மாளிடம் சொன்னார். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஈர்க்குச்சிதானே? அடைச்சா இன்னா, தொறந்தா இன்னா? எந்தப் பொணம் அதுல போவப்போவுது?"

"ஒரு தடவ கட்டுனேன். திரும்பவும் நானே கட்டணுமாடி?"

மாணிக்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "புள்ள பேரு லிஸ்ட்டுல இருக்குதுய்யா," என்றாள்.

மறுநாள் கட்டினார். கவட்டைக் குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, போட்டோவில் இருக்கிற மாதிரியே, ஒரு மட்டை கூடாமல் குறையாமல் அடைத்தார். ஒன்றை மட்டும் மாற்றினார். அந்த இடத்தில் மட்டும் முடிச்சை வெளிப்பக்கம் போட்டார். அரை அங்குல வேலியில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? ராஜேந்திரன் பார்க்கவில்லை. "இப்பத்தான் நிஜம்!" என்று கையைத் தட்டினார்.

"நிஜம்னா ஆளும் வேணும் சார். நாலஞ்சு ஆளு செஞ்சி வைக்கட்டா?"

"செய், செய். வாங்கின பொம்மையெல்லாம் வெள்ளைக்காரனா இருக்கான். நம்ம ஆளுங்களா செய்."

கண்ணையன் வீட்டிலேயே செய்தார். பழைய மோட்டார் செம்புக் கம்பியை முறுக்கி, எம்சீல் அப்பி, முக்கால் அங்குலத்தில் அஞ்சு ஆள். நாலு பேருக்கு ஒரு கை தோளுக்கு மேலே தூக்கியிருந்தது. அஞ்சாவது ஆள் கையில் கயிற்றில் தொங்குகிற ஒரு சட்டி. ஈர்க்குச்சியில் பாடை கட்டி, மேலே மாணிக்கம்மாளின் பழைய புடவை ஓரத்தைக் கத்தரித்துப் போர்த்தினார். போகிப் பண்டிகைக்கு முதல் நாள் கொண்டுபோய்க் கிழக்கு வேலிக்கு வெளியே, கடவு இருந்த இடத்துக்கு நேர் எதிரே நிறுத்தி ஒட்டினார். ராஜேந்திரன் கடைக்குப் போயிருந்தார். நிஜம் மாதிரி வேண்டும் என்றாரே, இதைவிட நிஜம் ஒதியங்குப்பத்தில் எது?

காணும் பொங்கலன்று பதினொரு மணிக்குக் கண்ணையனை வரச்சொல்லியிருந்தார்கள். போனார். அறைக்குள் இருபது பேர் இருக்கும். ராஜேந்திரனோடு வேலை பார்த்தவர்கள், உறவுக்காரர்கள். கையில் தட்டும் சர்க்கரைப் பொங்கலுமாக மேசையைச் சுற்றி நின்றார்கள். கனகம் சுவரோரம் நின்று பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தாள். சரிதா செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் கூவிக்கொண்டு ஓடியது.

"வா கண்ணையா, வா! இவன்தான் வேலி கட்டினவன். அந்தக் காலத்துல நிஜ வேலியும் இவன்தான் கட்டினான்!" என்றார் ராஜேந்திரன். எல்லாரும் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

கண்ணையன் கிழக்குப் பக்கம் பார்த்தார். பாடையைக் காணோம்.

ஆட்கள் அஞ்சு பேரும் அப்படியே நின்றார்கள். பாடையை மட்டும் யாரோ பதமாகப் பெயர்த்து எடுத்திருந்தார்கள்.

ராஜேந்திரன் அவர் காதருகே வந்தார். "பொங்கலும் அதுவுமா பொணம் எதுக்குய்யா வீட்டுக்குள்ள? அதை மட்டும் எடுத்துட்டேன். ஆளுங்க அருமையா இருக்காங்க, விட்டுட்டேன்." சொல்லிவிட்டு விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். "இங்க பாருங்க, எங்க ஊரு ஜனங்க. ரயில் வந்தா போதும், வேலிக்கிட்ட வந்து நின்னு கை காட்டுவாங்க. இவன் பால்காரன். ஸ்டேஷனுக்குப் பால் கொண்டுபோறான்."

"எவ்வளவு தத்ரூபம்!" என்றார் ஒருவர்.

ரயில் வந்தது. கிழக்கு வேலியைத் தாண்டி, ஸ்டேஷனைத் தாண்டி, அந்தக் கோடிக்குப் போய்விட்டது. நாலு பேரின் கையும் தூக்கினபடியே இருந்தது. சரிதா வெளியூரில் பிறந்து வளர்ந்தவள், அவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? செல்போனைக் கிட்டே கொண்டுபோய் விளையாட்டாகக் கேட்டாள்.

"ஏன் மாமா, ரயில்தான் போயிடுச்சே. இன்னும் யாருக்குக் கை காட்டிக்கிட்டு நிக்கிறாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணையனுக்கு மகன் பேர், லிஸ்ட்டு, எல்லாம் ஞாபகம் இருந்தது. இருந்தும் வாய் நிற்கவில்லை.

"கை காட்டலம்மா அவங்க. பாடை தூக்கிக்கினு நிக்கிறாங்க. பாடைய எடுத்துட்டாரு, கை மட்டும் மேலயே நிக்குது. அதுல இருந்தது எங்கம்மா. பால்காரன்னு சொன்னாரே, அது நானு. கையில இருக்கறது கொள்ளிச் சட்டி. இடுகாட்டுக்குப் போற வழி அதோ அங்கதான் இருந்துது. வழி இல்லாம நிக்கிறோம். வழிய அடைச்சவனும் நாந்தான்."

சிரிப்பு நின்றது. ஒருவர் கரண்டியை வாயில் வைத்தபடியே பார்த்தார். கண்ணையன் கனகத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணையன் எப்பவுமே இப்படித்தான், எதையாவது சொல்லிக்கிட்டே இருப்பான். எங்க வீட்டு ஆளு மாதிரி," என்று ராஜேந்திரன் பலமாகச் சிரித்து, பொத்தானை அழுத்தினார். எஞ்சின் இரண்டு தடவை கூவியது. "இந்தப் பலா மரம் எதுல செஞ்சீங்க?" என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான், எல்லாரும் பலா மரத்துக்குப் போய்விட்டார்கள். சரிதா மட்டும் செல்போனை இறக்கிக்கொண்டு மாமனாரையும் கண்ணையனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வேலி கண்ணையனுக்கு முன்னால்தான் இருந்தது. முடிச்சு வெளிப்பக்கம். சுண்டுவிரல் நகத்தால் இழுத்தால் அவிழ்ந்துவிடும். முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எட்டாத முடிச்சு இப்போது எட்டுகிறது. கையை நீட்டினார். நீட்டின கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். துடைப்பக் குச்சியை அவிழ்த்து யாரைக் கொண்டுபோகப் போகிறார்?

யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து மாமரத்தடியில் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். பின்னால் யாரோ அவசரமாக நடந்து வருகிற சத்தம். கனகம்.

"கண்ணையா, இரு."

முந்தானைக்குள்ளிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினாள். கண்ணையன் தள்ளித் திறந்து பார்த்தார். உள்ளே பாடை, மேலே போர்த்தின துணிகூடக் கலையாமல் இருந்தது.

"குப்பையில போடச் சொன்னாரு. எனக்கு மனசு வல்ல." அவள் ஒரு தடவை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். "அன்னிக்கி நான் தோப்ப ஒட்டின பின்கட்டுலதான் நின்னுக்கினு இருந்தேன். கல்யாணமாகி மூணு மாசங்கூட ஆவல. வழி இருந்ததும் எனக்குத் தெரியும், அடைச்சதும் தெரியும். நீ முள்ளுக்குள்ள கைய உட்டுத் தேடினத இந்தக் கண்ணால பாத்தேன்."

எந்த வார்த்தைக்காக இத்தனை வருஷம் காத்திருந்தாரோ அந்த வார்த்தை. கேட்டால் நெஞ்சில் இருக்கிற பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தார். மாமரத்தடியில், ஆள் இல்லாத இடத்தில், கிசுகிசுப்பாக அது வந்தது. கண்ணையனுக்கு அழுகைக்குப் பதில் கசப்புதான் முட்டிக்கொண்டு வந்தது.

"உள்ள இருவது பேரு இருந்தாங்களேம்மா," என்றார். "அங்க சொல்லியிருக்கலாமே."

உள்ளேயிருந்து "கனகம், தட்டு பத்தல" என்று ராஜேந்திரனின் குரல் கேட்டது. அவள் போய்விட்டாள்.

கண்ணையன் தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தார். அதற்கு எடை என்று ஒன்றுமே இல்லை. விழுந்துவிட்டதோ என்று மந்தாரக்குப்பம் போய்ச் சேர்வதற்குள் நாலைந்து தடவை பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.